எல்லோரும் பார்த்த படம்

அந்தப் படம் எங்கும் இல்லை என்று எனக்குத் தெரிய வந்தபோது, எங்கள் வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் அதைப் பார்த்து முடித்திருந்தார்கள்.

நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். ஒழுங்கு பிசகினால் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிடும். ஒழுங்காக எழுதினாலும் வரும். ஆனால் கொஞ்சம் குறைவாக.

வகுப்பு திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் நடந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கான ஆங்கிலப் பேச்சு வகுப்பு. செவ்வாயும் வியாழனும் மாலையில். நான் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். டொக்டர்மாரின் கையெழுத்தை வாசிக்கப் பழகிவிட்டேன். ஆனால் வெள்ளைக்காரர் யாராவது வந்து தலையிடிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், எதையோ தேடுகிற மாதிரி உள்ளே போய்விடுவேன். அதனால்தான் சேர்ந்தேன்.

வியாழக்கிழமை படக் கதை. அந்தக் கிழமை வீட்டில் பார்த்த ஒரு படத்தைப் பற்றி ஒருவர் எழும்பி நின்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கார்ட்டூன் படமாக இருந்தால் நல்லது என்பது எங்கள் ஆசிரியர் ஜெமீல் சேரின் கொள்கை.

"நடிகர்மார் வாய்க்குள்ள முணுமுணுப்பாங்க. ஒரு சொல்லும் பிடிபடாது. கார்ட்டூன்ல பூனை கூட துப்பரவா இங்கிலிஷ் கதைக்கும்," என்பார்.

சொல்லி முடிந்ததும் சேர் இரண்டு கேள்வி கேட்பார். யார் பார்த்திருக்கிறீர்கள்? யார் பார்க்கவில்லை? பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு கருத்துச் சொன்னால் போதும். பார்க்காதவர்கள் எழும்பி நின்று மூன்று கேள்வி கேட்க வேண்டும், ஆங்கிலத்தில்.

சேர் இந்த விதியை நல்ல எண்ணத்தில்தான் போட்டார். ஆனால் "நல்ல படம், பாட்டும் நல்லம்" என்று சொல்லிவிட்டு இருப்பதற்கும், நின்றபடி மூன்று கேள்வி யோசிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அவர் யோசிக்கவில்லை. முதல் மாதத்திலேயே வகுப்பில் படம் பார்க்காதவர்கள் குறைந்துவிட்டார்கள். இரண்டாம் மாதம் நான் ஒருத்திதான் மிச்சம்.

பொய் சொல்ல எனக்குத் துணிவு இருக்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னால் யாராவது திருப்பிக் கேட்பார்கள், நான் விழிப்பேன் என்ற பயம். இதை நேர்மை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எல்லோருக்கும் இவ்வளவு படம் பார்க்க எங்கே நேரம் கிடைக்கிறது, எனக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை, நான் என் நாளை எங்கே வீணாக்குகிறேன் என்றுதான் யோசித்தேன். விடிய எழும்பி, பாமசிக்குப் போக முன்னர் அரைப் படம் பார்த்துப் பழகினேன். அப்படியும் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

சனூஸா எனக்குப் பக்கத்துக் கதிரை. கிண்ணியாவில் இருந்து பஸ்ஸில் வருவாள். பகலில் என்.சி. வீதியில் ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை. அந்தக் கடையில் வேலை செய்கிறவர்கள் கதிரையில் இருக்கக் கூடாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும். வகுப்புக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வாள். கணுக்கால் வீங்கியிருக்கும். முதல் சில கிழமைகள் "நல்ல படம்" என்பதற்கு மேல் அவள் வாய் திறக்கவில்லை. அவளுடைய முறை வந்த வியாழக்கிழமைதான் அந்தப் படத்தைச் சொன்னாள்.

ஒரு துறைமுக ஊர். ஒரு நாள் விடிகிற நேரம் கடல் எழும்பி, தன்னைப் பாய் மாதிரிச் சுருட்டிக்கொண்டு, ஊரை விட்டுப் போய்விடுகிறது. கப்பல்கள் எல்லாம் சேற்றில் சரிந்து கிடக்கின்றன. பெரிய கப்பல்கள் அழுகின்றன. வேறொன்றும் செய்யத் தெரியாமல் அழுகின்றன. அங்கே ஒரு சின்ன இழுவைப் படகு, டக் என்பார்களே, அது இருக்கிறது. பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்க்கிற படகு. முன்பக்கம் நசுங்கி, வண்ணம் உரிந்தது. அது நண்டுகளிடம் கால்களை இரவல் வாங்கிக்கொண்டு, கடலைத் தேடி நடந்து போகிறது. வீதியில் உப்புத் தடம் கிடக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து வயல் வழியாக, ரயில் பாதை வழியாகப் போகிறது.

அவளுடைய ஆங்கிலம் என்னுடையதை விடப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் படகு தண்டவாளத்தைக் கடந்த இடத்தில் அவள் விரல்களை நண்டு மாதிரி மேசையில் நடத்திக் காட்டியபோது, எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

சேர் கேட்டார். யார் பார்த்திருக்கிறீர்கள்?

அப்ராஸ் கையை உயர்த்தினான். அவன் ஜெட்டிக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசி திருத்துகிறவன். எந்தப் படம் என்றாலும் அவன் பார்த்திருப்பான். பிறகு திலக்சன், பிறகு சோபனா, பிறகு எல்லோரும். சனூஸாவின் முகம் வெளிறியது. மேடைப் பயம் என்று நினைத்தேன்.

"நானும் ட்ரெயிலர் பார்த்தேன். அருமையான சித்திர வேலை," என்றார் சேர்.

நான் எழும்பி என் மூன்று கேள்விகளைக் கேட்டேன். கடல் எங்கே ஒளிந்திருந்தது? அவள் கொஞ்சம் யோசித்தாள். தூரத்தில் ஒரு வறண்ட ஊரில், ஒரு வீட்டுக் கிணற்றுக்குள். ஏன் போனது? அதற்கு இன்னும் நேரம் எடுத்தாள். வெட்கத்தில், என்றாள். திரும்பி வந்ததா? அதற்குப் பதில் சொல்ல முன்னர் கிண்ணியா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அடுத்த கிழமை திலக்சன், "படம் நல்லம், ஆனா முடிவு அவ்வளவு சரியில்லை," என்றான். அவள்தான் முடிவைச் சொல்லவே இல்லையே என்று எனக்குத் தோன்றியது. நான் கவனிக்கத் தவறியிருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு சனூஸா பல படங்கள் சொன்னாள். நிழல்களை வெட்டித் தைத்து விற்கிற ஒரு கடை. தபால் பெட்டிக்குள் குடியிருந்து கடிதங்களைப் பிழை திருத்துகிற ஆந்தை. ஒவ்வொன்றையும் வகுப்பு பார்த்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் நின்றேன்.

பாடநெறி முடிகிற மாதத்தில் சேர் ஒரு அறிவித்தலோடு வந்தார். கடைசிச் சனிக்கிழமை மாலை, குடும்பத்தவர்களையும் கூப்பிட்டு ஒரு படம் போடுவோம். எந்தப் படம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். கடல் எழும்பிப் போகிற படம் என்று எல்லோரும் கையை உயர்த்தினார்கள். நானும்தான். இனியாவது பார்க்கலாமே.

"நல்லது. சனூஸா படத்தை அறிமுகப்படுத்துவாங்க. நிறுவன உரிமையாளரும் வாறார். சின்னப் பிள்ளைகளிட வகுப்புக்கு ஒரு உதவி டீச்சர் தேவை. நான் சனூஸாவிட பேரைத்தான் சொல்லியிருக்கன். அவர் ஒருக்கா நேரில கேட்டா சரி." பிறகு என்னைப் பார்த்தார். "தர்சிகா, நீங்கதான் எதையும் ஒழுங்காச் செய்யிற ஆள். படத்தை எடுத்துப் பென்ட்ரைவ்ல போட்டுக்கொண்டு வாறது உங்கட பொறுப்பு."

படி இறங்கும்போது சனூஸாவின் கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது.

"டீச்சர் வேலை கிடைச்சா முதல் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"இருப்பன். டீச்சர்மாருக்குக் கதிரை இருக்குத்தானே," என்றாள். சிரிக்கவில்லை.

அன்றிரவு தேடத் தொடங்கினேன். அவள் சொன்ன பெயரைப் போட்டேன். வரவில்லை. எழுத்தை மாற்றிப் போட்டேன். படகு, நண்டுக் கால், ஓடிப்போன கடல் என்று கதையையே எழுதிப் போட்டேன். வேறு வேறு படங்கள் வந்தன; இது வரவில்லை. பிழை என்னுடைய ஆங்கிலத்தில்தான் என்று நினைத்தேன். அடுத்த நாளும் தேடினேன். பிறகு, பார்த்தவர்களையே கேட்போம் என்று முடிவு செய்தேன்.

அப்ராஸ் கடையில் ஒரு ஃபோனைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

"அதுவா? டெலிகிராம்ல பாத்தன். இப்ப அந்தக் குரூப்பை மூடிட்டாங்க."

"ஆர் எடுத்த படம் எண்டு தெரியுமா?"

"ஜப்பான்காரன் போல. படகு சிவப்பு நிறம், அவ்வளவுதான் ஞாபகம். திலக்சன்கிட்ட இருக்கும், கேளுங்க."

திலக்சன் சீனன்குடாவில், கப்பல்கள் வருகிற ஒரு இறங்குதுறையில் காவல் வேலை செய்கிறான். உள்ளே யாரையும் விடமாட்டார்கள். படலைக்கு வெளியே நின்றுதான் கதைத்தோம்.

"அண்ணாட பென்ட்ரைவ்ல பாத்தனான். அது பழுதாப் போச்சு. மஞ்சள் படகு ஒண்டு வருமே, அதுதானே?"

"அப்ராஸ் சிவப்பு எண்டவன்."

"அவன்ர டீவியில நிறம் பிழையா இருக்கும். எனக்கு ஒரு விசயம்தான் பிடிக்கேல்ல, தர்சிகா. நான் ஒவ்வொரு நாளும் டக் பாக்கிறனான். டக் ஒண்டு அப்பிடி நடக்காது."

"நண்டுக் கால் வச்சாலும்?"

அவன் கையைப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தான். "நண்டுக் கால் எண்டா பக்கவாட்டிலதான் நடக்கும். படத்தில நேரா நடந்தது."

இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறவன் பார்த்திருக்கத்தானே வேண்டும். சோபனாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் சிங்கள டப்பிங்கில் பார்த்தாளாம். படகு நீலமாம், கடைசிப் பாட்டில் அழுதுவிட்டாளாம்.

மூன்று பேர், மூன்று நிறம். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. மூன்று பதிப்பு இருக்கிறதாக்கும், எதை எடுப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு உண்மையில் அப்படித்தான் நினைத்தேன்.

புதன்கிழமை மதியம் திரைச்சீலைக் கடைக்குப் போனேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். சனூஸா துணிச் சுருள்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். நான் கேட்க முன்னரே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அந்தப் படம் கிடைக்கல்லதானே."

"இல்ல. நீ எதில பாத்தனி? அதை மட்டும் சொல்லு. நான் எப்பிடியும் எடுத்திடுவன்."

அவள் ஒரு சுருளை எடுத்து, விரித்து, திரும்பச் சுற்றினாள்.

"அப்பிடி ஒரு படம் இல்ல, தர்சிகா."

வெளியே ஒரு ஓட்டோ ஹோன் அடித்துக்கொண்டே நின்றது.

"இல்லையெண்டா? தடை செய்திட்டாங்களோ?"

"இல்ல புள்ள. ஒருத்தரும் எடுக்கல்ல. நான் கட்டிச் சொன்னது. என்ட ஃபோன் பட்டன் ஃபோன். வீட்டு டீவி இடி விழுந்து எரிஞ்சு போன வருசமே போயிட்டு. என்ட முறை வந்த அண்டைக்கு, பஸ்ஸில வாற நேரம் பாலத்துக்கு மேல இருந்து பாத்தன், தண்ணி நல்லா வத்திக் கிடந்திச்சு. அதை வெச்சுச் சொன்னன். எல்லாரும் படம் பாக்கிறாங்க, நான் ஒருத்தி மட்டும் பாக்கல்ல எண்டு சொல்ல வெட்கமா இருந்திச்சு."

நான் ஒருத்தி மட்டும். அது என்னுடைய வசனம். அவள் எப்படி அதை வைத்திருந்தாள் என்று திகைத்தேன். பிறகுதான் மற்றது உறைத்தது.

"பொறு. அப்ராஸ் பாத்தனான் எண்டவனே!"

"அதைச் சொல்லு!" அவள் சுருளைக் கீழே வைத்தாள். "அவன் கையை உயர்த்தினதும் எனக்கு நெஞ்சு நிண்டு போச்சு. அல்லாஹ்வே, இப்பிடி ஒரு படம் மெய்யாவே இருக்கோ எண்டு. பிறகு திலக்சன். பிறகு சேர் ட்ரெயிலர் எண்டாரு! ரெண்டு நாள் எனக்கு நித்திரை இல்ல. எங்கயோ ஒரு வெள்ளைக்காரன் நான் நினைச்சதையே நினைச்சு எடுத்திட்டான் எண்டு நம்பினன்."

"அப்ப எப்ப விளங்கினது?"

"அந்த ஆந்தைக் கதையை, சேர் பேரைக் கூப்பிட்ட பிறகு, எழும்பி நிண்டபடிதான் யோசிச்சன். அதையும் பாத்திருந்தாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சேர், திலக்சன், சோபனா, எத்தனை பேர்! இல்லாத படகின் நிறத்தைச் சொன்னார்கள். இல்லாத பாட்டுக்கு அழுதார்கள். நான் விடிய எழும்பி எட்டிப் பிடிக்க ஓடிய கூட்டம் இதுதானா?

"நான் சனிக்கிழமை வரமாட்டன். சுகமில்ல எண்டு சொல்லிடு," என்றாள்.

"நீ வராட்டி அந்த வேலை போயிடும்."

"வந்து பொய்க்காரி எண்டு பிடிபட்டாலும் போயிடும்தானே. பிறகு இந்த வகுப்புப் படியிலயும் ஏற ஏலாது."

அவள் கால் மாற்றி நின்றாள். நான் அவளுடைய கணுக்காலைப் பார்த்தேன். பிறகு ஒரு வழி தோன்றியது. எனக்குத் தோன்றுகிற வழிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் சொன்னேன்.

"நான் தேடி எடுக்கேல்லை எண்டு சொல்லுறன். என்ர பிழை. வேற ஏதாவது படத்தைப் போடட்டும். நீ ரெண்டு வசனம் சொல்லிப்போட்டு இரு. ஒருத்தரும் உன்னைக் கேக்கமாட்டினம். கேட்டா அவையளும் பிடிபடுவினம்."

அவள் சுருளை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, ஓம் என்றாள்.

சனிக்கிழமை போனபோது, கீழே கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலின் ஒரு மூலையை, எங்கள் ஊர் வீதிகளில் திரிகிற மான்களில் ஒன்று தின்றுவிட்டிருந்தது. படத்தின் பெயர் பாதிதான் மிச்சம். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். மேலே கதிரைகள் நிறைந்திருந்தன. வெள்ளை விரிப்பு ஒன்றைச் சுவரில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். உரிமையாளர் முன்வரிசையில் சோடாவோடு இருந்தார். என் அம்மா புஸ்பராணி, கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் வந்து இரண்டாம் வரிசையில் இடம்பிடித்திருந்தார்.

"எப்ப போடுவினம்? நான் கண்ணாடி எடுத்துக்கொண்டு வந்தனான்," என்றார்.

நான் எழும்பி, படத்தைத் தேடி எடுக்க முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்றேன். குரல் நடுங்கியது. அது நடிப்பில்லை. திலக்சனும் அப்ராஸும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதைப் பார்த்தேன்.

சேரின் முகம் வாடியது. நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். ஆனால் சேர் ஆசிரியர். சபை காத்திருக்கும்போது அவரால் சும்மா இருக்க முடியாது.

"பரவாயில்ல! படம் இல்லாட்டியும் படம் பார்த்த ஆக்கள் இருக்கிறாங்க. ஒவ்வொருத்தரா வந்து கதையைச் சொல்லுங்க. அம்மா அப்பாமாருக்கு விளங்கத் தமிழிலயே சொல்லுங்க. திலக்சன், நீங்க தொடங்குங்க."

இதை நான் யோசித்திருக்கவே இல்லை.

திலக்சன் எழும்பினான். கடல் போனதையும் படகுக்குக் கால் வந்ததையும் சனூஸா சொன்னபடியே சொல்லிவிட்டு, "மிச்சம் அப்ராஸ் சொல்லுவான்," என்று ஓடிவந்து இருந்துவிட்டான். அப்ராஸ் முன்னால் போனான். வயல் வரை வந்தான். அதற்குப் பிறகு அவனுக்கு ஞாபகம் இல்லை. சபையைப் பார்த்தான். சபை அவனைப் பார்த்தது.

"அப்ப பாத்தீங்கண்டா, கடலை ஒரு கள்ளன் களவெடுத்திருக்கான்! பெரிய மீசை. டாங்கிக்குள்ள அடைச்சு வெச்சிருக்கான். டக் போய் அடிக்குது பாருங்க ஒரு அடி! கள்ளன் சரிஞ்சு விழுறான். கடல் வெளிய வந்து டக்கைக் கட்டிப்பிடிக்குது. பிறகு பாட்டு. முடிஞ்சு."

கைதட்டினார்கள். உரிமையாளரும் சிரித்துக்கொண்டு கைதட்டினார். சேர் சனூஸாவைப் பார்த்தார்.

"என்ன சனூஸா, சரிதானே? அப்பிடித்தானே முடிஞ்சது?"

ஓம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் எல்லாம் சரி, வேலையும் சரி. நான் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். சொல்லு. ஓம் எண்டு சொல்லிப்போட்டு இரு.

சனூஸா எழும்பினாள். காதெல்லாம் சிவந்திருந்தது.

"இல்ல சேர். கள்ளன் இல்ல. அந்தப் படத்தில ஒருத்தரும் ஒருத்தருக்கும் அடிக்கல்ல."

முன்னால் போனாள். புரொஜெக்டர் வெளிச்சம் அவள் மேல் விழுந்து, நிழல் விரிப்பில் பெரிதாக நின்றது. அவள் தொடக்கத்தில் இருந்து சொன்னாள். கடல் விடியக் காலையில் பின்னுக்குப் போனது, போகப் போக அடிமணல் தெரிந்தது, மீன்கள் துடித்தன, சனம் கரையில் நின்று பார்த்தது.

அந்த இடத்தில் அம்மா என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது. மண்டபத்தில் வயதான ஒருவரும் அசையவில்லை. நான் பிறக்க முன்னர், ஒரு மார்கழி மாதம் கடல் அப்படிப் பின்னுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, அம்மாவின் தம்பி கரையில் நின்றவர். இந்தக் கதையை நான் வகுப்பில் கேட்டேன், கேள்வியும் கேட்டேன். ஒரு தடவையாவது இது எனக்கு உறைக்கவில்லை.

"கடல் கிணத்துக்குள்ள மடிஞ்சு, ஒடுங்கிக் கிடந்திச்சு," என்றாள் சனூஸா. "ஒருக்கா தான் செய்ததை நினைச்சு, வெட்கத்தில. டக் ஏசல்ல. பரவாயில்லை எண்டும் சொல்லல்ல. தன்ட கயித்தைக் கிணத்துக்குள்ள விட்டிச்சு. இழுக்கல்ல. விட்டுட்டுப் பக்கத்தில இருந்திச்சு."

நிறுத்தினாள்.

"இவ்வளவும்தான். மிச்சம் எனக்குத் தெரியா. இந்தப் படத்தை நான் பாக்கல்ல. ஒருத்தரும் பாக்கல்ல. நான் கட்டினது. எல்லாப் படமும் நான் கட்டினதுதான் சேர்."

யாரோ ஒருவரின் கையிலிருந்த சோடாப் போத்தல் தரையில் உருண்டது. அது உருண்டு சுவரில் முட்டும் வரை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். சேரின் வாய் திறந்தபடி இருந்தது. கோபம் வரப்போகிறது என்று பார்த்தேன். அவர் அப்ராஸைப் பார்த்தார். அப்ராஸ் புரொஜெக்டரின் வயரை ஆராய்ந்துகொண்டிருந்தான். திலக்சனைப் பார்த்தார். சோபனாவைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்த ட்ரெயிலர் என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும். அவர் மெதுவாக வாயை மூடினார்.

"பிள்ளை," என்றார் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா ஒரு கூட்டத்தில் வாய் திறந்து நான் கண்டதில்லை.

"கடல் பிறகு திரும்பி வந்ததோ?"

"தெரியா அன்ரி," என்றாள் சனூஸா. "தர்சிகாவும் இதைத்தான் கேட்டாள். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அம்மா என் கையை விடாமலே யோசித்தார்.

"வரட்டும். ஊருக்குக் கடல் வேணும்தானே. ஆனா இந்த முறை சொல்லிப்போட்டு வரட்டும்."

சனூஸா தலையசைத்தாள். அதை எங்கோ பத்திரமாக வைத்துக்கொள்கிற மாதிரி இருந்தது அவள் முகம். பின்வரிசையில் ஒருவர், படகு கால்களை நண்டுகளுக்குத் திருப்பிக் கொடுத்ததா என்று கேட்டார். பிறகு கேள்விகள் நிற்கவில்லை. எங்கள் வகுப்பில் ஒரு வருடத்தில் கேட்காத கேள்விகள்.

கடைசியில் சேர் கையை உயர்த்தினார். வகுப்பில் நாங்கள் உயர்த்துகிற மாதிரியே, முழங்கையை மேசையில் ஊன்றி.

"நானும் பார்க்கல்ல," என்றார். "எனக்கும் கேள்வி இருக்கு. முதலாவது, அந்தப் படகு என்ன நிறம்?"

"வண்ணம் உரிஞ்சது சேர். நிறம் இல்ல."

திலக்சன் தலையைக் குனிந்துகொண்டான். சேர் திரும்பி உரிமையாளரைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார். பிறகு, சிரிப்பை அடக்கமுடியாமல், சரி என்று கையைக் காட்டினார்.

"ரெண்டாவது, சின்ன வகுப்பு அடுத்த மாதம் தொடங்குது. வருவீங்களா?"

சனூஸா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"கதிரை இருக்கா சேர்?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சேரின் மூன்றாவது கேள்வி நிலுவையில் நிற்கிறது.

எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் ஞாயிறு காலையில் நடந்ததையும் எழுத வேண்டும். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டு அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

"நேற்று ஒரு படம் பாத்தனான், தங்கச்சி. கார்ட்டூன் படம்தான், ஆனா என்ன மாதிரிப் படம் தெரியுமோ! அந்தச் சின்னப் படகு தண்டவாளத்தில நடந்து போகேக்க மழை பெய்யுது. கால் வழுக்கி வழுக்கி நடக்குது, பாவம். ஒரு கிழவர் குடை பிடிச்சுக்கொண்டு பக்கத்தில கொஞ்சத் தூரம் போறார். அந்த இடத்தில நான் அழுதிட்டன்."

சனூஸா மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குடையோடு கிழவர் யாரும் வரவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். கேத்தலைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"அப்பிடியே? எனக்கும் அது பாத்த ஞாபகம்," என்றார் பக்கத்து வீட்டு அக்கா.